சம்பளத்துக்குப் பந்து வீசிய அமர்சிங்

கிரிக்கெட் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவர்கள் மட்டை பிடித்தவர்களே. சி. கே. நாயுடுவின் சிக்ஸர்களைப் பற்றித் தாத்தாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். விஜய் மெர்ச்சண்டின் பொறுமையையும் முஷ்டாக் அலியின் துடுக்கையும் நூல்களில் படித்திருக்கிறோம். அவர்கள் காலத்தில் பந்து வீசியவர் யார் என்று கேட்டால் மட்டும் சற்றே தலையைச் சொறிகிறோம். அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே பேஸ்பால் ஆட்டத்தில் பந்தெறிபவனே மன்னன். அவனை விலை கொடுத்து அழைத்துச் செல்ல ஊருக்கு ஊர், ஏன், நாட்டுக்கு நாடு போட்டி நடந்ததுண்டு. சாட்செல் பெய்ஜ் என்ற கறுப்பினப் பந்தெறியாளரை 1937-ஆம் ஆண்டில் டொமினிக்கன் குடியரசின் சர்வாதிகாரி ட்ருஹியோவின் ஆட்கள் பெரும்பணம் தந்து தங்கள் தலைநகருக்கு அழைத்துச் சென்ற கதை அந்நாட்டுச் சிறுவர்களுக்கும் தெரியும். ஏறத்தாழ அதே காலத்தில் நம் நாட்டவர் ஒருவரும் கடல் கடந்து சென்று, பந்து வீசுவதையே தொழிலாகக் கொண்டு, அன்னிய மண்ணில் சம்பளம் வாங்கிப் புகழோடு வாழ்ந்தார். அவர்தாம் அமர்சிங்.

லதா அமர்சிங் 1910-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் கத்தியவாரிலுள்ள இராஜ்கோட்டில் பிறந்தார். காந்தியடிகள் சிறுவராய் வளர்ந்த ஊரும் அதுவே. கத்தியவாரில் அன்று சமஸ்தானங்கள் மலிந்து கிடந்தன. ஒவ்வொரு அரசருக்கும் ஒரு மைதானம், ஒரு கிரிக்கெட் கோஷ்டி. நவாநகரின் ஜாம் சாகேபாக விளங்கிய ரஞ்சித்சிங்ஜி இங்கிலாந்து சென்று மட்டை பிடித்து உலகப் புகழ் பெற்றிருந்தார். ஆகவே அந்த வட்டாரத்தில் கிரிக்கெட் அரசர்களின் ஆட்டமாக மதிக்கப்பட்டது. ஆனால் அரசர்கள் விரும்பியது மட்டை பிடிப்பதை. வெயிலில் ஓடி வந்து பந்து வீசுவதற்கு ஆள் வேண்டுமே! அந்த வேலைக்கு எளிய குடும்பத்துப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். அமர்சிங்கின் அண்ணன் ராம்ஜி அப்படிப் பெயர் பெற்ற வேகப்பந்து வீச்சாளர். அவருடைய பந்தை எதிர்கொள்ள அஞ்சாதவர் அந்நாளில் குறைவு. தம்பியோ அண்ணனைப் போல வேகத்தை மட்டும் நம்பவில்லை.

அவர் பந்து வீசும் விதத்தைக் கண்டவர்கள் எழுதி வைத்திருப்பதிலிருந்து ஒருவாறு கற்பனை செய்துகொள்ளலாம். நெடிய உருவம், அகன்ற தோள். நீண்ட தூரம் ஓடி வருவதில்லை. சில அடிகள், அதுவும் சோம்பலாக நடை போடுவது போன்ற ஓட்டம். இவ்வளவுதானா என்று மட்டையாளன் நினைக்கும் வேளையில் தோளின் முழு வலுவும் பந்தில் இறங்கிவிடும். காற்றில் வரும்போது நடுத்தர வேகமாகத் தோன்றும் பந்து தரையில் பட்டவுடன் விரைந்து எழும்பும். உள்ளேயும் வளையும், வெளியேயும் வளையும்; விழுந்த இடத்திலிருந்து வெடுக்கென்று உள்ளே திரும்பவும் செய்யும். உலகின் தலைசிறந்த மட்டையாளர்களுள் ஒருவரான இங்கிலாந்தின் வால்டர் ஹாமண்ட் இந்தத் தரை வேகத்தைக் கண்டு அஞ்சி வியந்தவர்களுள் ஒருவர். பந்து கையை விட்டு வரும்போது ஒரு கணக்கும், தரையில் பட்டபின் வேறொரு கணக்கும் போட வேண்டியிருந்தால் எந்த மட்டையாளனுக்குத்தான் தூக்கம் வரும்?

1932-ஆம் ஆண்டில் இந்தியக் கோஷ்டி இங்கிலாந்துக்குப் புறப்பட்டபோது அமர்சிங்குக்கு வயது 21. அந்தப் பயணத்துக்குத் தலைவராக நியமிக்கப்பட்டவர் போர்பந்தர் மகாராஜா. அவர் நல்ல மனிதர். கிரிக்கெட் தமக்கு வராது என்பதை உணர்ந்தவர். பயணம் முழுவதிலும் முதல்தரப் பந்தயங்களில் அவர் எடுத்தவை 2 ரன்கள்! அவரிடமிருந்த மோட்டார் கார்கள் அதைவிட அதிகம் என்று அக்காலத்தில் கேலி பேசினார்கள். ஆனால் டெஸ்ட் பந்தயம் வந்தபோது அவர் தாமாக ஒதுங்கிக்கொண்டு சி. கே. நாயுடுவைத் தலைமை ஏற்கச் செய்தார். பதவியில் இருந்துகொண்டே பதவியை விட்டுக்கொடுக்கும் அந்தப் பண்பு பின்னால் வந்தவர் ஒருவருக்கு இல்லாமற் போயிற்று. அதைப் பின்பு காண்போம்.

1932 ஜூன் 25-ஆம் நாள் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியாவின் முதல் டெஸ்ட் தொடங்கிற்று. புதுப் பந்தை எடுத்தவர்கள் முகமது நிசாரும் அமர்சிங்கும். நிசார் ஹோஷியார்பூர்க்காரர், மலை போன்ற உடல், அதிவேகம். மைதானத்தில் கூட்டம் வந்து அமர்வதற்குள் இங்கிலாந்தின் முதல் மூன்று விக்கெட்டுகள் 19 ரன்களுக்குள் விழுந்துவிட்டன. அடிமை நாட்டுக் கோஷ்டியிடம் இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இங்கிலாந்தின் காப்டன் ஜார்டின் நின்று ஆடி மீட்டுவிட்டார். பம்பாயில் பிறந்த அந்த ஆங்கிலேயர் இரு இன்னிங்ஸிலும் அரை சதம் கண்டார். இந்தியா 158 ரன் வித்தியாசத்தில் தோற்றது. அமர்சிங்குக்குக் கிடைத்தவை இன்னிங்ஸுக்கு 2 விக்கெட்டாக 4.

அந்தத் தோல்வியிலும் ஒரு நிகழ்ச்சி சொல்லத்தக்கது. இரண்டாம் இன்னிங்ஸில் முன்னவர்கள் எல்லாரும் போனபிறகு, ஒன்பதாம் ஆளாக இறங்கிய அமர்சிங் மட்டையைச் சுழற்றத் தொடங்கினார். துணைக்கு நின்றவர் லால் சிங். மலாயாவின் கோலாலம்பூரிலிருந்து வந்து சேர்ந்த சீக்கியர். இருவரும் சுமார் 40 நிமிடத்தில் 74 ரன் குவித்தார்கள். அமர்சிங் எடுத்தது 51. டெஸ்ட் வரலாற்றில் இந்தியர் ஒருவர் எடுத்த முதல் அரை சதம் அதுதான். நாயுடு போன்ற மட்டை வீரர்கள் இருக்க, அந்தப் பெருமை பந்து வீச வந்தவருக்கு வாய்த்தது. லால் சிங் பிற்காலத்தில் கோலாலம்பூருக்கே திரும்பி, அங்கே மைதானம் பராமரிக்கும் வேலையில் வாழ்நாளைக் கழித்தார்.

அந்தக் கோடையில் அமர்சிங் முதல்தரப் பந்தயங்களில் 111 விக்கெட்டுகளை வீழ்த்தினார். விக்கெட்டுக்கு 20 ரன் சொச்சம்தான் சராசரி. லிவர்பூலில் லங்காஷயருக்கு எதிராகக் கடைசி ஆட்டக்காரர்களோடு நின்று 131 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் திரும்பினார். லங்காஷயர் மக்களுக்கு அவரை அறிமுகம் செய்து வைத்தது அந்த ஆட்டம்.

தமிழராகிய நமக்கு அமர்சிங் நெருக்கமானவராவது 1934 பிப்ரவரியில். ஜார்டின் தலைமையில் இங்கிலாந்து இங்கே வந்திருந்தது. பம்பாயில் ஒரு டெஸ்ட், கல்கத்தாவில் ஒரு டெஸ்ட், மூன்றாவது சென்னையில். சேப்பாக்கம் மைதானம் கண்ட முதல் டெஸ்ட் அது. இங்கிலாந்தின் தொடக்க ஆட்டக்காரர்கள் நூறு ரன்னுக்கு மேல் சேர்த்து வலுவாக நின்றார்கள். மாசி வெயில் இன்னும் முற்றவில்லை என்றாலும், கடற்கரை ஊரின் வெப்பத்தில் 44 ஓவருக்கு மேல் வீசுவது என்றால் என்னவென்று சேப்பாக்கத்தில் ஒரு மத்தியானம் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். அமர்சிங் வீசினார். 86 ரன்னுக்கு 7 விக்கெட். இங்கிலாந்து 335-இல் முடிந்தது. அதுவரை டெஸ்டில் இந்தியர் எவரும் ஓர் இன்னிங்ஸில் அத்தனை விக்கெட் எடுத்ததில்லை.

ஆனால் அதே பந்தயத்தில் இங்கிலாந்தின் ஹெட்லி வெரிட்டி என்ற சுழற்பந்து வீச்சாளர் 49 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்து இந்தியாவை 145-இல் சுருட்டிவிட்டார். கிளார்க் வீசிய பந்து தலையில் பட்டு நவோமல் ஆடமுடியாமல் வெளியேறினார். முடிவில் 202 ரன் தோல்வி. வெரிட்டியும் சம்பள ஆட்டக்காரரே. யார்க்ஷயர் கோஷ்டிக்காகக் கூலி பெற்று வீசியவர். ஒரே மைதானத்தில் ஏழு ஏழு விக்கெட் எடுத்த அந்த இருவருமே நாற்பது வயதைக் காணவில்லை. வெரிட்டி 1943-இல் இத்தாலியில் போர்க்காயத்தால் மாண்டார்.

இங்கே சம்பள ஆட்டக்காரர் என்ற சொல்லைச் சற்று விளக்கவேண்டும். ஐ.பி.எல். ஏலத்தில் கோடிகளைக் கேட்டுப் பழகிய இந்தத் தலைமுறைக்கு அதிலென்ன குறை என்று தோன்றும். அக்கால இங்கிலாந்தில் ஆட்டக்காரர்கள் இரு சாதியாக இருந்தார்கள். பணம் வாங்காமல் ஆடுபவர் கனவான். அமெச்சூர் என்று பெயர். பணம் வாங்குபவர் புரொபெஷனல். ஒரே கோஷ்டியில் ஆடுவார்கள். ஆனால் உடை மாற்றும் அறை வேறு, சில மைதானங்களில் உள்ளே நுழையும் வாயிலே வேறு. அச்சிட்ட ஆட்டக் குறிப்பில் கனவானுக்குத் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னால் வரும், கூலிக்காரருக்குப் பின்னால். காப்டன் பதவி கனவானுக்கே. ஒரு சம்பள ஆட்டக்காரர், லென் ஹட்டன், இங்கிலாந்தின் நிரந்தரக் காப்டனாக வருவதற்கு 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த வேற்றுமையே 1962-இல்தான் நீக்கப்பட்டது. தீண்டாமையை நம்மிடம் மட்டுமே உள்ள நோயாக எண்ணி வெட்கப்படும் நண்பர்கள் இதையும் அறிந்து வைத்திருப்பது நல்லது.

நம் நாட்டிலோ புரொபெஷனல் என்ற பெயர் இல்லாமலே அந்த நிலை இருந்தது. ஆட்டக்காரருக்கு ஏதாவது ஒரு சமஸ்தானத்தில் உத்தியோகம் தருவார்கள். உத்தியோகம் பெயரளவுக்கு, வேலை மைதானத்தில். மகாராஜாவின் தயவு இருக்கும்வரை சோறு உண்டு. நம் ஹைதராபாத்திலும் இந்த ஆதரவு முறை நன்றாகவே நடந்தது. பாய்கா குடும்பத்து நவாப் மொயினுத்தௌலா பெயரால் நடந்த தங்கக் கோப்பைப் பந்தயத்துக்குச் சிகந்தராபாத்தில் நாடெங்குமிருந்து ஆட்டக்காரர்கள் திரள்வார்கள். 1934-35 பருவத்தில் விஜயநகரம் மகாராஜகுமாரின் கோஷ்டிக்காக மேற்கிந்தியத் தீவுகளின் லியரி கான்ஸ்டன்டைனே இங்கு வந்து ஆடினார். நாம் பஸ்ஸுக்கு நிற்கும் தார்நாகாவிலிருந்து ஹப்சிகுடா தாண்டினால் உப்பல் மைதானம். அங்கே இன்று பல நாட்டு ஆட்டக்காரர்கள் ஏலத்தில் வந்து ஆடுகிறார்களே, அதற்கு இந்த ஊரில் ஒரு பழைய வேர் உண்டு.

கான்ஸ்டன்டைன் பெயரைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. லங்காஷயரில் நெல்சன், கோல்ன், பர்ன்லி என்று நெசவாலை ஊர்கள் அடுத்தடுத்து உள்ளன. அங்கே லங்காஷயர் லீக் என்ற அமைப்பு. ஒவ்வோர் ஊர்ச் சங்கமும் உள்ளூர் ஆட்டக்காரர்களோடு ஒரே ஒரு சம்பள ஆட்டக்காரரை வைத்துக்கொள்ளலாம். சனிக்கிழமை மத்தியானம் ஆலைச் சங்கு ஊதியதும் தொழிலாளிகள் குடும்பத்தோடு மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். மாலைக்குள் ஆட்டம் முடிந்து வெற்றி தோல்வி தெரிந்துவிடும். சம்பள ஆட்டக்காரர் பந்தும் வீசவேண்டும், ரன்னும் குவிக்கவேண்டும், வார நாட்களில் மாலையில் சங்கத்துப் பையன்களுக்குக் கற்றும் தரவேண்டும். அவர் அரை சதம் அடித்தாலோ, நிறைய விக்கெட் எடுத்தாலோ கூட்டத்தில் வசூல் நடக்கும். தொழிலாளிகள் போடும் சில்லறைக் காசுகள் அவருக்கே சேரும். மகாராஜாவின் தயவுக்கும் இதற்கும் எத்தனை தூரம்! இங்கே கூலி உழைப்புக்குக் கிடைத்தது, கொடுத்தவனும் உழைப்பாளி.

1929-இல் நெல்சன் சங்கம் கான்ஸ்டன்டைனை ஆண்டுக்கு 500 பவுனுக்கு அழைத்துக்கொண்டது. ஆலைத் தொழிலாளி கனவிலும் காணாத தொகை. அடுத்த ஊரான கோல்ன் சும்மா இருக்குமா? 1935-இல் அது அமர்சிங்கை அமர்த்திக்கொண்டது. லங்காஷயர் லீகில் சம்பள ஆட்டக்காரராகச் சேர்ந்த முதல் இந்தியர் அவரே. நெல்சனும் கோல்னும் மோதும் நாளில் ஒரு பக்கம் டிரினிடாட் தீவுக்காரர், மறுபக்கம் கத்தியவார்க்காரர். சுற்றிலும் ஆயிரக்கணக்கான வெள்ளைத் தொழிலாளிகள். ஏகாதிபத்தியம் காணாத ஒரு காட்சி!

இதில் இன்னொரு விந்தையும் உண்டு. லங்காஷயர் ஆலைகளின் துணி நம் நாட்டில்தான் விற்றுவந்தது. அன்னியத் துணி பகிஷ்காரத்தால் பல ஆலைகள் முடங்கின. 1931 செப்டம்பரில் வட்டமேஜை மாநாட்டுக்கு வந்த காந்தியடிகள் தாமே லங்காஷயர் சென்று வேலையிழந்த தொழிலாளிகளைச் சந்தித்தார். அவர்கள் அவரை அன்போடு வரவேற்றார்கள். நான்கே ஆண்டுகளில், காந்தியின் ஊரிலிருந்து வந்த மற்றொருவர் அதே தொழிலாளிகளின் சனிக்கிழமைகளுக்கு மகிழ்ச்சி தந்துகொண்டிருந்தார். வேற்று நாட்டில் படிக்கவோ பிழைக்கவோ போகும் ஒருவன் அங்கே வெறும் விருந்தாளியாக இருந்தால் மதிப்பு நிலைக்காது. அவனால் ஆகவேண்டிய காரியம் ஒன்று இருக்கவேண்டும். சொந்த மாநிலத்தைவிட்டு வந்து இங்கே படிக்கும் நமக்கு இது கொஞ்சம் புரியும்.

அடுத்த ஆண்டு, 1936-இல், இந்தியக் கோஷ்டி மறுபடியும் இங்கிலாந்து வந்தது. தலைவர் விஜயநகரம் மகாராஜகுமார். போர்பந்தர் மகாராஜாவைப் போல் ஒதுங்கும் எண்ணம் அவருக்கு இல்லை. மூன்று டெஸ்டிலும் தாமே தலைமை வகித்தார். எடுத்தது மொத்தம் 33 ரன். நாயுடு போன்ற மூத்தவர்கள் அவர் கீழ் மனம் நொந்து ஆடினார்கள். நல்ல நிலையில் ஆடிவந்த லாலா அமர்நாத், ஒழுங்கு தவறினார் என்று முதல் டெஸ்டுக்கு முன்பே கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார். அமர்சிங்கோ கோல்ன் சங்கத்தின் ஒப்பந்தத்தில் இருந்தவர். சங்கம் விடுவித்த நாட்களில் மட்டும் வந்து ஆடினார். கோஷ்டிக்குள் நடந்த சண்டைகள் அவரை அதிகம் தொடாமற் போனதற்கு அது ஒரு காரணமாக இருந்திருக்கும். சோறு போடுபவர் மகாராஜா அல்லர் என்ற நிலையில் மனிதனுக்கு ஒரு நிமிர்வு வருகிறது.

லார்ட்ஸ் மைதானத்தில் முதல் டெஸ்ட். இந்தியா 147 ரன்னில் ஆட்டமிழந்தது. ஈரமான தரை. அமர்சிங் பந்தை எடுத்தார். 25 ஓவர் முடித்து அடுத்த ஓவரின் முதல் பந்தோடு அவர் நிறுத்தியபோது கணக்கு இதுதான்: 11 ஓவரில் ரன்னே இல்லை, மொத்தம் 35 ரன், 6 விக்கெட். இங்கிலாந்து 134-இல் சுருண்டது. இந்தியாவுக்கு 13 ரன் முன்னிலை! கிரிக்கெட்டின் தாய்வீடு என்று ஆங்கிலேயர் கொண்டாடும் மைதானத்தில் இந்தியா முதல் இன்னிங்ஸில் முந்தியது. ஆனால் இரண்டாம் இன்னிங்ஸில் நம்மவர்கள் 93-க்கு ஆட்டமிழந்தார்கள். 9 விக்கெட் தோல்வி. சென்னையிலும் லார்ட்ஸிலும் அமர்சிங் தம் வேலையை முடித்துக் கொடுத்தார். மட்டை பிடித்தவர்கள் அதைக் காக்கவில்லை. அவர் ஆடிய 7 டெஸ்டுகளில் இந்தியா ஒன்றில்கூட வெல்லவில்லை. 28 விக்கெட் எடுத்தும் ஒரு வெற்றியைக் காணாத அந்த மனிதர் சலித்துப் போனதாகத் தெரியவில்லை.

தாயகத்தில் குளிர்காலப் பந்தயங்களில் அவர் முதலில் மேற்கிந்தியா கோஷ்டிக்கும் பின்னர் நவாநகருக்கும் ஆடினார். 1936-37-இல் நவாநகர் ரஞ்சிக் கோப்பையை வென்றது. அதன் காப்டன் யார் தெரியுமா? சஸ்ஸெக்ஸ் கோஷ்டியின் சம்பள ஆட்டக்காரரான வென்ஸ்லி என்ற ஆங்கிலேயர். கத்தியவார்க்காரர் கோடையில் இங்கிலாந்தில் கூலிக்கு ஆடுகிறார். இங்கிலாந்துக்காரர் குளிர்காலத்தில் கத்தியவாரில் கூலிக்கு ஆடுகிறார்! இளைஞர் வினூ மன்கட் அந்தக் கோஷ்டியில்தான் உருவானார். அடுத்த ஆண்டு இறுதிப் பந்தயத்தில் நவாநகரைத் தோற்கடித்தது நம் ஹைதராபாத். பம்பாயில் நடந்த அந்தப் பந்தயத்தில் எடுல்ஜி ஐபாரா ஆட்டமிழக்காமல் 137 ரன் எடுக்க, ஒரே விக்கெட் மிச்சமிருக்க ஹைதராபாத் வென்றது. அதற்குப் பின் இந்த ஊர் ரஞ்சிக் கோப்பையைத் தொட 1986-87 வரை காத்திருந்தது.

1937-38-இல் டென்னிசன் பிரபு தலைமையில் ஓர் ஆங்கிலக் கோஷ்டி வந்தது. அதிகாரபூர்வமல்லாத ஐந்து டெஸ்டுகள். இந்தியா 3-க்கு 2 என்று தோற்றாலும், அமர்சிங் மட்டும் 36 விக்கெட் எடுத்தார். சராசரி 17 ரன்னுக்கும் குறைவு. அப்போது அவருக்கு வயது 27. பந்து வீச்சாளனுக்கு முதிர்ச்சியும் உடல் வலுவும் ஒன்றுசேரும் பருவம். 1939-40 குளிர்காலத்தில் இங்கிலாந்து மீண்டும் இந்தியா வருவதாக ஏற்பாடாகியிருந்தது. ஹிட்லர் போலந்தில் புகுந்தான்; பயணம் கைவிடப்பட்டது. 1936-க்குப் பிறகு இந்தியா அடுத்த டெஸ்ட் ஆடியது 1946-இல்தான்.

அமர்சிங் அதுவரை இருக்கவில்லை. 1940 மே மாதம் அவருக்குச் சளிக்காய்ச்சல் கண்டு நிமோனியாவாக முற்றியது. பெனிசிலின் மருந்தை மனிதருக்குச் செலுத்திப் பார்க்கத் தொடங்கியதே அதற்கு அடுத்த ஆண்டில். மே 21-ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. முப்பது வயது நிறைய இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தது. 44 ஓவர் வீசியும் களைக்காத அந்த மார்பைச் சில நாள் காய்ச்சல் வென்றுவிட்டது. அண்ணன் ராம்ஜி, தம்பிக்குப் பின் எட்டு ஆண்டுகள் வாழ்ந்து 1948-இல் மறைந்தார். அவர் ஆடியது ஒரே ஒரு டெஸ்ட், 1933-இல் பம்பாயில்.

முதல்தரப் பந்தயங்களில் அமர்சிங் எடுத்த விக்கெட்டுகள் 500-க்கு மேல். அதற்குக் கொடுத்த விலை விக்கெட்டுக்கு 18 ரன் சொச்சம். 3,000 ரன்களுக்கு மேலும் சேர்த்திருக்கிறார். இவ்வளவையும் ஏறத்தாழ பத்தே ஆண்டுகளில் செய்து முடித்துவிட்டார். நெல்சனில் அவருக்கு எதிராக ஆடிய கான்ஸ்டன்டைன் பின்னாளில் வழக்கறிஞராகி, 1969-இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவரானார். புதுப் பந்தைப் பகிர்ந்துகொண்ட நிசாரும் 1936 ஓவல் மைதானத்தோடு டெஸ்டை முடித்துக்கொண்டவர். 6 டெஸ்டில் 25 விக்கெட். அவர்கள் இருவரைப் போன்ற வேகப்பந்து இணை நமக்கு மறுபடி அமைய வெகுகாலம் ஆயிற்று. கபில்தேவ் வந்ததே 1978-இல். நாடு பிரிந்தபோது நிசார் பாகிஸ்தானுக்குப் போனார். 1963-இல் லாகூரில் காலமானார். அவர் அமர்சிங்கைவிட நான்கு மாதம் மூத்தவர். கூடுதலாக இருபத்து மூன்று ஆண்டுகள் இருந்தார்.